உலகம் சுற்றிய தமிழர்

ஊர்விட்டு ஊர் செல்வோர் பலர். பொருள் தேடிச் செல்வோர் உளர். கல்வி கருதிச் செல்வோர் உளர். திருத்தலங்களை வழிபடச் செல்வோரும் புதுமைகளைக் கண்டு களிக்கச் செல்வோரும் உளர். இவர்கள் திரும்பி வரும்போது செல்வமோ பட்டமோ மனநிறைவோ தமக்கென ஏதேனும் ஒன்றைக் கொண்டு வருவர். தாம் கண்டவற்றை எல்லாம் நாட்டார் அனைவர்க்கும் உரிமையாக்கும் நோக்குடன் பயணம் செய்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஏ. கே. செட்டியார். தமிழர் அவரை உலகம் சுற்றிய தமிழர் என்று போற்றினர். அவர் கடந்த தொலைவு பெரிது. கடந்து சென்று அவர் செய்த பணி அதனினும் பெரிது.

பிறப்பும் இளமையும்

இந்நாளில் சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகே கோட்டையூர் என்னும் ஊர் உள்ளது. அந்நாளில் அது இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வானளாவிய மாளிகைகளும் அகன்ற முற்றங்களும் உடைய செட்டிநாட்டு ஊர்களுள் அதுவும் ஒன்று. அவ்வூரில் நகரத்தார் மரபில் 1911-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் கருப்பன் செட்டியார் பிறந்தார். பிற்காலத்தில் அவரை உலகம் ஏ. கே. செட்டியார் என்றே அறிந்தது.

நகரத்தார் கடல் கடந்து வாணிகம் செய்வதில் வல்லவர். பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் அவர்தம் கடைகள் இருந்தன. இளைஞர்கள் கணக்கும் வட்டியும் கற்று, கப்பலேறிச் சென்று, சில ஆண்டுகள் அங்கே தங்கித் தொழில் செய்து திரும்புதல் அம்மரபின் வழக்கம். ஆதலின் கடற்பயணம் கருப்பனுக்கு வியப்பாகத் தோன்றியிராது. ஆனால் அவர் உள்ளம் கணக்கேட்டைவிட எழுத்தையே பெரிதும் விரும்பியது. திருவண்ணாமலையில் பள்ளிக் கல்வி பெற்ற அவர், இளமையிலேயே கதைகளும் கட்டுரைகளும் எழுதத் தொடங்கினார்.

இரங்கூனில் இதழ்ப் பணி

பர்மாவின் தலைநகராக அந்நாளில் விளங்கிய இரங்கூன் நகரில் தமிழர் மிகுதியாக வாழ்ந்தனர். அவர்களுக்காக அங்கே தனவணிகன் என்னும் தமிழ் இதழ் வெளிவந்தது. செட்டியார் இளைஞராக இருந்தபோதே அவ்விதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். வாணிகம் செய்வதற்காக மற்றவர்கள் சென்ற அந்நகருக்கு இவர் எழுதுகோலுடன் சென்றார்.

இதழாசிரியர் பணி அவருக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தது. ஒன்று, செய்தி எதுவாயினும் அதனை நேரில் கண்டும் தீர விசாரித்தும் எழுதுதல் வேண்டும் என்பது. மற்றொன்று, எழுதுவதைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதுதல் வேண்டும் என்பது. இவ்விரண்டையும் அவர் தம் வாழ்நாள் முழுவதும் கைவிடவில்லை.

புகைப்படக் கலை

எழுத்து ஒருவர் கண்டதைச் சொல்லும். படமோ கண்டதைக் காட்டும். இவ்வுண்மையை உணர்ந்த செட்டியார் புகைப்படக் கலையை முறையாகக் கற்க விரும்பினார். அக்கலையில் கீழை நாடுகளுள் அந்நாளில் முன்னேறியிருந்தது ஜப்பான். எனவே அவர் ஜப்பானுக்குச் சென்று, டோக்கியோ நகரில் புகைப்படக் கலை பயின்றார். அந்நாட்டைப் பற்றித் தமிழில் ஒரு நூலும் எழுதினார்.

பின்னர் அவர் அமெரிக்காவிற்குச் சென்று, நியூயார்க் நகரில் அக்கலையை மேலும் கற்றுப் பட்டயம் பெற்றார். கோட்டையூரில் பிறந்த இளைஞர் இரங்கூன், டோக்கியோ, நியூயார்க் என மூன்று பெருநகரங்களைத் தம் பள்ளிக்கூடங்களாக்கிக் கொண்டார் எனலாம். இத்துணைக் கல்வியும் எதற்குப் பயன்படப் போகிறது என்பதை அவர் அதுவரை அறிந்திலர்.

கப்பலில் பிறந்த எண்ணம்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 2-ஆம் நாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினை நோக்கிச் சென்ற கப்பலில் செட்டியார் பயணம் செய்து கொண்டிருந்தார். அன்று காந்தியடிகளுக்கு 68 ஆண்டுகள் நிறைந்த நாள். நாற்புறமும் நீர் சூழ்ந்த அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே அவர் நினைவு அடிகளை நாடிச் சென்றது. காந்தியடிகளின் வாழ்க்கையை முழுமையாகக் காட்டும் உண்மைப் படம் ஒன்றை எடுத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிரம்பவில்லை.

அந்நாளில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட படங்களுள் பெரும்பாலானவை புராணக் கதைகளையும் கற்பனைக் கதைகளையும் கொண்டவை. நடிகர்கள் வேடம் புனைவர், கவிஞர்கள் பாட்டெழுதுவர், அரங்குகளில் காட்சிகள் அமைக்கப்படும். உண்மைப் படத்திற்கோ நடிகர் இல்லை; கதை இல்லை. நடந்தவை நடந்தவாறே காட்டப்படுதல் வேண்டும். உயிருடன் இருக்கும் ஒரு தலைவரின் கடந்தகால வாழ்க்கையை அவ்வாறு காட்டுவது எங்ஙனம்? சென்ற நாள்களை மீண்டும் நிகழச் செய்ய இயலாது. அந்நாள்களில் யாரேனும் எடுத்து வைத்திருக்கும் படச் சுருள்களைத் தேடிச் சேர்ப்பது ஒன்றே வழி.

படம் தேடிய பயணம்

காந்தியடிகள் கலந்துகொண்ட நிகழ்ச்சிகளைப் பல நாட்டுச் செய்திப் படக் கம்பெனிகள் படமெடுத்திருந்தன. 1930-ஆம் ஆண்டில் நிகழ்ந்த தண்டி யாத்திரையும், 1931-ஆம் ஆண்டில் அடிகள் வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்றதும் உலகெங்கும் பேசப்பட்ட நிகழ்ச்சிகள். ஆனால் செய்திப் படத்தின் வாழ்நாள் மிகக் குறுகியது. இவ்வாரம் திரையில் ஓடும். அடுத்த வாரம் வேறொரு செய்தி அதன் இடத்தைப் பிடிக்கும். பழைய சுருள்கள் இருட்டறைகளில் அடுக்கப்படும், அல்லது அழிக்கப்படும்.

அந்நாளில் படச்சுருள் நைட்ரேட் கலந்த செல்லுலாயிடு என்னும் பொருளால் செய்யப்பட்டது. அஃது எளிதில் தீப்பற்றக் கூடியது; வெப்பத்தாலும் காலத்தாலும் தானே சிதைந்து பொடியாவது. ஆகவே அடிகளின் வாழ்க்கை பதிந்த சுருள்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்ததோடு, நாளுக்கு நாள் அழிந்தும் கொண்டிருந்தன. அவற்றை விரைந்து தேடாவிடின் பிறகு எக்காலத்தும் தேட இயலாது.

செட்டியாரிடம் பெருஞ்செல்வம் இல்லை. அரசின் துணையும் இல்லை. நம் நாட்டை ஆண்டதோ ஆங்கில அரசு. அவ்வரசு எதிரியாகக் கருதிய ஒருவரைப் பற்றிய படத்திற்கு அஃது உதவுமா? இத்தகைய முயற்சி கைகூடாது என்று கருதியோர் பலர். செட்டியார் தளரவில்லை. டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்னும் கம்பெனியை நிறுவி வேலையைத் தொடங்கினார்.

அவர் கண்டம் விட்டுக் கண்டம் சென்றார். ஐரோப்பிய நாடுகளில் அலைந்து, படக் கம்பெனிகளின் கதவுகளைத் தட்டினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேரறிஞர் ரொமேன் ரோலந்தைக் கண்டார். 1924-ஆம் ஆண்டிலேயே காந்தியடிகளைப் பற்றி நூலெழுதி ஐரோப்பியருக்கு அவரை அறிமுகம் செய்தவர் ரோலந்து. தென்னாப்பிரிக்காவிற்கும் செட்டியார் சென்றார். அடிகள் 1904-ஆம் ஆண்டில் டர்பன் நகருக்கு அருகே பீனிக்ஸ் குடியிருப்பையும், 1910-ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணையையும் நிறுவியது அந்நாட்டிலேதான். சத்தியாக்கிரகம் என்னும் அறப்போர் முறை தோன்றிய மண்ணும் அதுவே.

பயணம் என்றால் அந்நாளில் பெரும்பாலும் கப்பற்பயணம். ஒரு கடலைக் கடக்கப் பல நாள் ஆகும். ஒரு கம்பெனிக்குக் கடிதம் எழுதினால் மறுமொழி வர வாரங்கள் பல செல்லும். இவ்வாறு செட்டியார் கடந்த தொலைவு ஏறத்தாழ ஒரு லட்சம் மைல். நிலவுலகின் சுற்றளவு ஏறத்தாழ 25,000 மைல். எனவே ஒரு படத்தின் பொருட்டு அவர் உலகை நான்கு முறை வலம் வந்த அளவு பயணம் செய்தார் என்பது விளங்கும்.

இத்தகைய உழைப்பின் பயனாக ஏறக்குறைய 50,000 அடி நீளமுள்ள படச் சுருள்கள் சேர்ந்தன. அவை சுமார் முப்பது ஆண்டுக் காலத்தில் நூறு பேர் அளவினரான படப்பிடிப்பாளர்களால் எடுக்கப்பட்டவை. ஒருவரையொருவர் அறியாத அத்தனை பேருடைய கண்கள் வெவ்வேறு நாள்களில் கண்ட காட்சிகளை ஓர் இளைஞர் ஒன்றுசேர்த்தார்.

படம் உருப்பெறுதல்

சேர்த்தவற்றை எல்லாம் அப்படியே காட்டினால் அது படமாகாது. 50,000 அடிச் சுருளைத் திரையிட்டால் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் ஓடும். நெற்குவியலிலிருந்து விதைநெல்லைத் தெரிவதுபோல, செட்டியார் 12,000 அடியைத் தெரிந்தெடுத்தார். அது சற்றேறக்குறைய இரண்டேகால் மணி நேரம் ஓடுவது. புதிதாக எடுக்க வேண்டிய காட்சிகளுக்கு, டாக்டர் பி. வி. பதி என்னும் தேர்ந்த படப்பிடிப்பாளர் துணை நின்றார். இசைக்கலைஞர் டி. கே. பட்டம்மாள் படத்திற்காகப் பாடினார்.

படப் பணி முடியுமுன் 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஐரோப்பா போர்க்களமாயிற்று, கடல்வழிகளில் நீர்மூழ்கிக் கப்பல்கள் உலவின. நகரங்கள் குண்டுவீச்சுக்கு இரையாயின. செட்டியார் இன்னும் இரண்டு ஆண்டுகள் தாழ்த்திப் புறப்பட்டிருந்தால், அவருக்குக் கப்பலும் கிடைத்திராது; படச் சுருளும் கிடைத்திராது. காலம் கருதிச் செயலாற்றியதாலேயே அவர் முயற்சி நிறைவேறியது.

1940-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள் சென்னையில் மகாத்மா காந்தி என்னும் தமிழ்ப் படம் வெளியாயிற்று. காந்தியடிகளின் வாழ்வைப் பற்றிய முழுநீள உண்மைப் படம் தமிழில் வெளிவந்தது தமிழர் பெருமைப்படத்தக்க செய்தியாகும். இரண்டு திங்கள் கழிந்ததும் அக்டோபரில் அடிகள் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். நாட்டில் கொந்தளிப்பு மிகுந்திருந்த அக்காலத்தில், காந்தியடிகளை நேரில் காணும் வாய்ப்பில்லாத மக்கள் திரையில் அவர் நடப்பதையும் நூற்பதையும் கண்டு வணங்கினர். தமிழை அடுத்துத் தெலுங்கிலும் அப்படம் வெளிவந்தது. 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டில், நாடு விடுதலை பெற்ற வேளையில், அதன் இந்தி வடிவம் டில்லியில் திரையிடப்பட்டது. 1953-ஆம் ஆண்டில் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் வெளியாயிற்று.

குமரி மலர்

பெருஞ்செயல் ஒன்றை முடித்தவர் அதன் புகழில் இளைப்பாறுதல் இயல்பு. செட்டியாரோ 1943-ஆம் ஆண்டில் மற்றொரு பணியை மேற்கொண்டார். போரின் காரணமாகக் காகிதம் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. அக்காலத்தில் அவர் குமரி மலர் என்னும் இதழைத் தொடங்கினார். எந்தக் கட்சியையும் சாராமல், செல்வர் எவருடைய நிழலிலும் ஒதுங்காமல், அதனைத் தாமே நடத்தினார்.

பரபரப்பான செய்திகளையோ தொடர்கதைகளையோ நம்பி அவ்விதழ் நடைபெறவில்லை. பயணக் கட்டுரைகள் அதில் சிறப்பிடம் பெற்றன. வெளிநாடு செல்ல வசதியில்லாத இளைஞர்கள் தம் ஊரில் இருந்தவாறே பிறநாட்டு மக்களின் வாழ்க்கையை அதன் வாயிலாக அறிந்தனர். அந்நாட்டார் எவ்வாறு உழைக்கின்றனர், எவ்வாறு உண்கின்றனர், விருந்தினரை எவ்வாறு வரவேற்கின்றனர் என்னும் செய்திகள் அவர்கள் அறிவை விரிவாக்கின.

குமரி மலருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்கு முன்னரும் வெளிவந்த தமிழ் இதழ்கள் பல, கறையானுக்கு இரையாகி மறைந்து கொண்டிருந்தன. செட்டியார் அவற்றைத் தேடி எடுத்தார். அவற்றில் இருந்த அரிய கட்டுரைகளைக் குமரி மலரில் மறுபடியும் அச்சிட்டார். பாரதியாரைப் பற்றிய அரிய செய்திகளும் இவ்வாறு மறைவினின்று வெளிப்பட்டன. முன்பு படச் சுருள்களைத் தேடி நாடு நாடாகச் சென்ற அவர், இப்போது பழைய தாள்களைத் தேடி நூலகம் நூலகமாகச் சென்றார். தேடும் பொருள் மாறியது. தேடும் நோக்கம் மாறவில்லை. அழிய இருப்பதை அழியாமற் காத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதே அந்நோக்கம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், தம் இறுதிக் காலம்வரை, அவர் அவ்விதழை நடத்தினார்.

பயண நூல்கள்

1940-ஆம் ஆண்டில் வெளிவந்த உலகம் சுற்றும் தமிழன் என்னும் நூல் செட்டியாருக்குச் சிறப்புப் பெயரையே தந்தது. பிரயாண நினைவுகள், அமெரிக்க நாட்டிலே, மலேயா முதல் கனடா வரை, கயானா முதல் காஸ்பியன் கடல் வரை முதலியன அவர் எழுதிய பிற நூல்கள். பெயர்களே அவர் சென்ற தொலைவைப் புலப்படுத்தும்.

கயானா தென்னமெரிக்காவின் வடகரையில் உள்ள நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் பலர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் இருந்தனர். கடல் கடந்து வாழும் இத்தகைய மக்களின் நிலையை அறிவதில் செட்டியார் மிக்க ஆர்வம் கொண்டிருந்தார்.

வெளிநாடுகளைக் கண்டவர் சிலர் தம் நாட்டை எளிதாக எண்ணுவர். செட்டியாரிடம் அக்குறை இல்லை. காவிரி பிறக்கும் குடகு நாட்டைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். பழங்காலத்துப் பயணிகள் தமிழ்நாட்டின் ஊர்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளைத் திரட்டி, தமிழ்நாடு என்னும் பெயரில் 1968-ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பாக அளித்தார். அயல்நாட்டைக் காணும் கண்ணுக்குத் தாய்நாடும் புதிதாகத் தோன்றும் என்பதற்கு அந்நூல்கள் சான்றாகும்.

அவருடைய நடை எளியது. வாக்கியங்கள் சிறியவை. மாளிகைகளையும் கோபுரங்களையும் வருணிப்பதைவிட, இரயில் வண்டியில் உடன் வந்தவரைப் பற்றியும் வழி காட்டிய எளியவரைப் பற்றியும் கூறுவதையே அவர் விரும்பினார். இடையிடையே மெல்லிய நகைச்சுவை மிளிரும். எழுத்தில் தம்மை முன்னிறுத்திக் கொள்ளும் பழக்கம் மட்டும் அவரிடம் இல்லை. உலகைப் படம்பிடித்த அவர், பிறர் தம்மைப் புகழ்வதை விரும்பாது ஒதுங்கியே வாழ்ந்தார். 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் அவர் இயற்கை எய்தினார்.

எஞ்சிய செல்வம்

உலகெங்கும் சிதறிக் கிடந்த படங்களை அழிவினின்று காத்தவர் செட்டியார். ஆனால் அவர் எடுத்த தமிழ்ப் படமே பிற்காலத்தில் காணக் கிடைக்காமற் போயிற்று. அதனைப் போற்றிக் காக்க அன்று எவரும் முன்வரவில்லை. பல ஆண்டுகள் கழிந்த பின்னர் அதன் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. தமிழில் முதன்முதல் வெளிவந்த முழுப்படம் கிடைக்கவில்லை.

எனினும் அப்படத்தை எடுத்த வரலாறு அழியவில்லை. தம் பயண அனுபவங்களைச் செட்டியார் குமரி மலரில் தொடராக எழுதியிருந்தார். வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி அக்கட்டுரைகளைத் தொகுத்துப் பதிப்பிக்க, அண்ணல் அடிச்சுவட்டில் என்னும் நூலாக அவை 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தன. பெருஞ்செலவில் உருவாகிய படச் சுருள் மறைந்தது. சிறிய இதழின் தாள்கள் நின்றன. பழைய தாள்களைத் தேடித் தேடிக் காத்தவரின் எழுத்தை, மற்றொருவர் அவ்வாறே தேடிக் காத்தார்.

முடிவுரை

இந்நாளில் பயணம் எளிதாகிவிட்டது. செட்டியார் வாரக்கணக்கில் கடந்த கடலைச் சில மணி நேரத்தில் கடக்கலாம். ஒவ்வொருவர் கையிலும் படமெடுக்கும் கருவி இருக்கிறது. ஆனால் கருவி எத்துணை எளிதாயினும், எதனைக் காண்பது, கண்டதை யாருக்காகக் காப்பது என்னும் வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியவர் பயணம் செய்பவரே. செட்டியார் தம் பயணங்களில் தமக்கெனச் சேர்த்தது சிறிது. தமிழர்க்கெனச் சேர்த்தது மிகுதி. ஊர்ப் பெரியவர் ஒருவரின் நினைவு, வீட்டுப் பரணில் உள்ள பழைய இதழ், மங்கிவரும் ஒரு படம் ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்றை அழியாமற் காக்கும் இளைஞர் எவரும் அவர் சென்ற வழியில் செல்பவரே ஆவர். அவ்வழியில் செல்வதற்குக் கப்பல் ஏற வேண்டுவதில்லை. பிறந்த ஊரிலேயே பயணத்தைத் தொடங்கலாம்.